ஒரிஜினலா, பிள்ளை? – திருகோணமலையில் ஒரு முத்துமாலையோடு ஐந்து நாள்

முதல் நாள்

ரயில் சீனக்குடாவைத் தாண்டும்போது விடிந்துவிட்டது. கண் திறந்ததும் கை கழுத்துக்குத்தான் போனது. மாலை இருந்தது. சட்டைக்குள் விட்டு, மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு கொழும்பிலிருந்து இரவு முழுக்கக் காத்துக்கொண்டு வந்த மாலை. எதிர் சீற்றில் இருந்த அம்மா, "என்ன பிள்ளை, நெஞ்சு நோகுதோ?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

மாலை என்னுடையது அல்ல. பெரியம்மாவுடையது. பெரியப்பா கப்பலில் வேலை செய்தவர். எழுபதுகளில் ஒருமுறை ஜப்பானில் கோபே துறைமுகத்தில் இறங்கியபோது வாங்கி வந்தது. 59 முத்து, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர், கொக்கி வெள்ளி. நூல் இற்றுப்போய்விட்டது, கொழும்பில் புதுசாகக் கோர்த்துக்கொண்டு வா என்று மூன்று மாதத்துக்கு முன் என்னிடம் தந்துவிட்டிருந்தார். அவருடைய பேத்திக்கு அடுத்த மாதம் இங்கே கல்யாணம். பிள்ளை பாரிசில் பிறந்து வளர்ந்தவள். ரிசப்ஷனுக்கு முத்துதான் வேண்டுமாம், தங்கம் வேண்டாமாம். நான் வெள்ளவத்தையில் மணப்பெண் பிளவுஸ் தைப்பவள். ஆகவே மாலை, பிளவுஸ், சமாதானப் பேச்சுவார்த்தை மூன்றும் என் தலையில்.

ஓட்டோக்காரத் தம்பி உப்புவெளிக்கு வரும்வரை கச்சான் காற்றைத் திட்டிக்கொண்டே வந்தார். உண்மைதான். காலை ஏழு மணிக்கே அடுப்பு வாயில் நிற்பதுபோல இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் இடியப்பம், சொதி, பாரை மீன் குழம்பு. சாப்பிட்டு முடிக்கும்வரை மாலையைப் பற்றிப் பெரியம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டார்: "ஒரிஜினலா, பிள்ளை?"

இந்தக் கேள்விக்கு நான் இந்த ஐந்து நாளில் எத்தனை தடவை பதில் சொல்லப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

மாலையைக் கையில் வாங்கிய பெரியம்மா அதைத் தராசுபோலத் தூக்கிப் பார்த்தார். "அந்தக் காலத்தில இதைப் போட்டுக்கொண்டு ஒரு சாமத்தியவீட்டுக்குப் போனேன். தாலிக்கொடிக்குப் பக்கத்தில இதென்ன வெள்ளைப் பாசி எண்டு மச்சாள் கேட்டா. அதோட பெட்டிக்குள்ள போட்டதுதான்."

ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஐம்பது வருடம் பெட்டிக்குள்.

இரவு பிள்ளை பாரிசிலிருந்து வீடியோவில் வந்தாள். "சித்தி, இதப் பாருங்கோ" என்று படம் படமாக அனுப்பினாள். மூன்று வரி முத்தும் நடுவில் ஒரு கோளப் பதக்கமுமாகக் கழுத்தோடு ஒட்டிய விவியன் வெஸ்ட்வுட் சோக்கர். ஐந்து முத்தை ஒரே கம்பியில் வரிசையாக நிறுத்திய தசாக்கி மோதிரம். மிக்கிமோட்டோ என்ற ஜப்பான் முத்து நிறுவனமும் கொம் டே கார்சோன் என்ற உடுப்பு நிறுவனமும் சேர்ந்து 2020இல் ஆண்களும் போடலாம் என்று கொண்டுவந்த மாலை. அதைக் கோட்டுக்கு மேல் போட்டுக்கொண்டு நிற்கும் பெடியன்கள். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெடியன்களையே நெடுநேரம் பார்த்தார். "இவங்களுக்கு ஆர் போட்டுவிட்டது?" என்றார்.

வெஸ்ட்வுட் சோக்கரில் இருப்பது கண்ணாடி முத்து என்று நான் சொன்னதும் பிள்ளைக்குக் கொஞ்சம் முகம் மாறியது. சரி, அது நாளைய பேச்சு. நித்திரை வருகிறது.

இரண்டாம் நாள்

இன்று நடந்ததை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பிள்ளை போடுவதற்கு முன் மாலையைக் கோணேசர் காலடியில் வைத்து எடுக்க வேண்டும் என்பது பெரியம்மாவின் ஆசை. எனக்கும் ஒரு காரணம் இருந்தது: முத்தைப் படம் எடுக்கக் காலை வெயில்தான் சரி. நகைக்கடை மஞ்சள் வெளிச்சத்தில் எல்லா முத்தும் அழகுதான். ஆகவே நானே போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

பிரெட்ரிக் கோட்டை வாசலால் உள்ளே போனால் வழமைபோல மான்கள். ஒன்று என் கைப்பைக்குள் தலையை விட்டது. மேலே ஏறும் வழியெல்லாம் சின்னக் கடைகள்: விளையாட்டுக் கார், சங்கு, சோகி, கற்கண்டு, நாலைந்து கயிற்றில் தொங்கும் "முத்து" மாலைகள். ஒரு கடைக்கார ஐயா கூப்பிட்டார். "கடல் முத்து பிள்ளை, ஒரிஜினல்." ஒன்றை வாங்கி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முன்பல்லில் மெதுவாக உரசினேன். வழுக்கியது. என் கழுத்தில் இருந்ததை உரசினேன். மெல்லிய மணலைப் பல்லுக்கிடையில் வைத்ததுபோல நறநறத்தது. ஐயாவையும் உரசிப் பார்க்கச் சொன்னேன். அவர் தன் மாலையைப் பார்த்தார், என் மாலையைப் பார்த்தார், பிறகு சிரித்துக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் விசிறியை எனக்கு விற்றுவிட்டார்.

நறநறப்புக்குக் காரணம் இதுதான். முத்து என்பது சிப்பி படலம் படலமாகச் சுற்றிய சுண்ணாம்பு. ஒவ்வொரு படலத்திலும் அரகோனைற் என்ற தாதுவின் சிறு தட்டுகள், ஏறக்குறைய அரை மைக்ரோன் தடிப்பு, செங்கல் அடுக்கியதுபோல. ஒளியின் அலைநீளமும் அந்த அளவுதான். அதனால்தான் ஒளி அந்த அடுக்குகளுக்குள் போய் உடைந்து திரும்பி வரும்போது வெள்ளைக்குள் இளஞ்சிவப்பும் பச்சையும் ஓடுவதுபோலத் தெரிகிறது. நம் ஆட்கள் நீரோட்டம் என்று சொல்வது அதைத்தான். போலியில் மினுக்கம் மேலே மட்டும் இருக்கும். நல்ல முத்தில் அது உள்ளேயிருந்து வரும். உற்றுப் பார்த்தால் உங்கள் முகமே குட்டியாகத் தெரியும்.

கோயில் வாசலுக்குக் கிட்ட, செருப்பைக் கழற்றக் குனிந்தேன். டிக் என்று ஒரு சத்தம்.

கொழும்பில் ஒரு கடையில்தான் கோர்க்கக் கொடுத்திருந்தேன். பெயர் வேண்டாம். முத்துக்கு முத்து முடிச்சுப் போடுங்கள் என்று இரண்டு தடவை சொல்லி, அதற்குத் தனிக்காசும் கட்டினேன். அவர்கள் ஒரு முடிச்சும் போடாமல் நைலோன் நூலில் கடகடவென்று கோர்த்துவிட்டிருக்கிறார்கள். வாங்கும்போது நானும் பார்க்கவில்லை. இருபது வருடமாக ஊசி பிடிக்கிற எனக்கு இது தேவைதான். கொக்கியின் ஓரம் நூலை அறுத்துவிட்டது. நடுவில் முடிச்சு இருந்திருந்தால் ஒரு முத்துத்தான் கழன்றிருக்கும். முடிச்சு இல்லாததால் 59உம் ஒரே நேரத்தில் புறப்பட்டுவிட்டன.

அது சரிவான இடம். முத்து ஓடும் வேகத்தைச் சொல்லி முடியாது. நான் "நில்லுங்கோ, நில்லுங்கோ!" என்று கத்தினேன். பிறகு அனுராதபுரப் பக்கமிருந்து வந்த கூட்டம் ஒன்று ஏறிவருவதைப் பார்த்து "பொட்டக் இன்ன!" என்றும் கத்தினேன். அவ்வளவுதான், எல்லோரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். வெறுங்காலோடு ஒரு ஐம்பது பேர், கல்லாக. அப்புறம் ஒவ்வொருவராகக் குந்தினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடையை மறித்தார்கள். ஒரு பௌத்த அம்மா தன் வெள்ளைச் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தார். எல்லோரும் அதற்குள் கொண்டுவந்து போட்டார்கள். செருப்புப் பார்க்கும் பெடியன் தன் பலகைக்கடியில் ஏழு முத்து எடுத்தான். அதில் ஒன்று முத்தல்ல, யாரோ ஒருவருடைய கொலுசு மணி.

எண்ணினேன். 57.

இன்னும் அரை மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை. பெரியம்மா ஏசுவார் என்று பயந்துகொண்டே நிமிர்ந்தால், அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தினமும் பாடும் சம்பந்தர் பதிகம்தான் வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தது. 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே.' ஆயிரத்து முன்னூறு வருடத்துக்கு மேல் பழைய பாட்டு. நித்திலம் என்றால் முத்து. கடல் அலை முத்தை வாரிக்கொண்டுவந்து ஒதுக்கும் மலையாம். "அவர் தந்ததில இரண்டை எடுத்துக்கொண்டார், விடு" என்றார்.

முத்துகளைச் சம்பலுக்கு வாங்கிய வெங்காயப் பைக்குள் போட்டு உள்ளே கொண்டுபோய் அர்ச்சனை செய்தோம். ஐயர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒரிஜினலோ?" என்றார்.

திரும்பும்போது கோட்டைச் சுவரோரமாக நடந்தோம். 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை உடைத்து அந்தக் கல்லில் கட்டிய கோட்டை இது. அவர்கள் மொழியில் உருண்டையாக வராத, கோணல்மாணலான முத்துக்கு 'பரோக்கோ' என்று பெயர். இன்று பாரிசிலும் மிலானிலும் உருண்டை முத்தைவிட அந்தக் கோணல் முத்துத்தான் இளசுகளுக்குப் பிடிக்கிறது. உடைத்தவர்கள் விட்டுச்சென்ற சொற்களில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஞாபகம் வந்தது, அலுமாரி, மேசை, ஜன்னல் எல்லாம் அவர்களுடையதுதானே. போகட்டும்.

மூன்றாம் நாள்

வெளியே எங்கும் போகவில்லை. பயணக் கட்டுரையில் ஒரு நாள் முழுக்க விறாந்தையில் இருந்ததை எழுதுவது சரியா தெரியவில்லை. ஆனால் இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த நாள் இதுதான்.

காலை பஜாருக்குப் பெடியனை அனுப்பிப் பட்டுநூலும் மெல்லிய ஊசியும் எடுப்பித்தேன். முத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியில் ஒற்றி, ஒரு தட்டில் பரப்பினேன். பிறகு நகை பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொன்றின் துளைக்குள்ளும் பார்த்தேன். பெரியம்மா பிளேன்டீயோடு வந்து பக்கத்தில் இருந்தார்.

"என்ன தெரியுது?"

துளையின் விளிம்பில் ஒரு கோடு தெரியும். வெளியே முத்துப் படலம், உள்ளே ஒரு மணி. இரண்டுக்கும் இடையிலான எல்லை அது. அந்தக் கோடு இருந்தால் வளர்ப்பு முத்து. பெரியம்மாவுடைய மாலையில் எல்லாவற்றிலும் இருந்தது. படலம் நல்ல கனம். இப்போது வரும் மலிவு மாலைகளில் ஊதினால் உதிரும்போல இருக்கும்.

"அப்ப இது ஒரிஜினல் இல்லையோ?" பெரியம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. கடலோடிக் கொண்டுவந்த மனுசனைப் பற்றிய கேள்வி அல்லவா அது.

நான் வேலியோரத்து மாமரத்தைக் காட்டினேன். அது ஒட்டுக்கன்று. "உந்த மாங்காயைக் கடிச்சுப்போட்டு இது மாங்காயோ எண்டு ஆரும் கேட்டவையோ பெரியம்மா?"

சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. வேலையே கிட்டத்தட்ட அதுதான். ஒரு சிப்பியின் மேலுறையிலிருந்து நகக்கண் அளவு தசைத்துண்டை வெட்டி எடுக்கிறார்கள். இன்னொரு சிப்பியை நூலளவு திறந்து, அதன் உடம்பில் சிறு கீறல் போட்டு, அந்தத் தசைத்துண்டையும் ஒரு உருண்டை மணியையும் சேர்த்து வைக்கிறார்கள். மணி அமெரிக்க ஆற்று மட்டியின் ஓட்டில் கடைந்தது; மிசிசிப்பிப் பக்கத்து ஓடு. தசைத்துண்டு வளர்ந்து மணியைச் சுற்றி ஒரு பையாகிறது. அந்தப் பை முத்துப் படலத்தைச் சுரக்கிறது. கடலில் கூடையில் தொங்கவிட்டு, சிப்பியில் ஒட்டும் பாசியைச் சுரண்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சில சிப்பி செத்துப்போகும், சில மணியைத் துப்பிவிடும். மனிதன் செய்வது ஒட்டுவது மட்டும். சுற்றுவது சிப்பி.

இதைத் தொடக்கி வைத்தவர் மிக்கிமோட்டோ கோகிச்சி. நூடில்ஸ் கடைக்காரரின் மகன். 1893இல் ஜப்பானின் தோபா பக்கத்தில் ஒரு சிப்பிக்குள் அரைவட்ட முத்தை எடுத்தார். முழு உருண்டைக்கு வழி கண்டவர்கள் மிசே, நிஷிகாவா என்று வேறு இருவர், 1907 அளவில். ஆனாலும் உலகத்துக்கு விற்றவர் மிக்கிமோட்டோதான். நம் மன்னார்க் கடலில் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்தபோது அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மூச்சடக்கிக் குளித்து எடுத்த சிப்பியும், ஜப்பானியர் அகோயா என்று வளர்க்கும் சிப்பியும் நெருங்கிய சொந்தம். இங்கே கடலடிச் சிப்பிப் பாரில் இருந்து மூட்டை மூட்டையாக அள்ளி, அழுகவிட்டு, ஆயிரத்தில் எத்தனை முத்து என்று தேடினார்கள். அங்கே ஒவ்வொரு சிப்பியையும் கையில் எடுத்து ஊசி பிடித்தார்கள். தையல்காரியான எனக்கு யார் பக்கம் நிற்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

முடிச்சு வேலை பத்து மணிக்குத் தொடங்கியது. ஒரு முத்தைக் கோர்த்து, நூலில் தளர்ந்த முடிச்சுப் போட்டு, அந்த வளையத்துக்குள் ஊசியை விட்டு, முடிச்சை மெல்லத் தள்ளித் தள்ளி முத்தின் வாயோடு ஒட்ட இறுக்க வேண்டும். தளர்ந்தால் முத்து ஆடும். அதிகம் இறுக்கினால் மாலை கம்பிபோல விறைக்கும். நாலாவது முத்தில் பிழைத்தது, வெட்டிவிட்டு மறுபடி தொடக்கம். பெரியம்மா ஒவ்வொரு முத்தாக எடுத்துத் தந்தார். கொடுக்கும்போது கதைத்துக்கொண்டே இருந்தார்.

இருபது முத்து ஆகும்போது அந்தக் கதை வந்தது. 90இல் இங்கிருந்து இடம்பெயர்ந்தபோது நகை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் ஓடினார்களாம். அட்டியல், பதக்கம், காப்பு, பிள்ளைகளின் சங்கிலி. போன இடத்தில் அரிசிக்கும் மருந்துக்கும் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போனது. ஒன்றும் மீளவில்லை. "இதையும் கொண்டுபோனேன். அவன் கொக்கியை மட்டும் நிறுத்துப் பார்த்தான். வெள்ளி எண்டான். பாசிக்கு ஒரு சதமும் இல்லை எண்டு திருப்பித் தந்திட்டான்."

அதனால்தான் இது இருக்கிறது. பெரியப்பா வாங்கிக்கொடுத்ததில் மிச்சம் இது ஒன்றுதான்.

அடகுக் கடைக்காரனைக் குறை சொல்ல முடியாது. முத்தை உருக்க முடியாது. அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்தது, பெரிய அளவில். நியூயோர்க்கில் ஐந்தாம் அவெனியூவில் கார்ட்டியேயின் நகைக்கடை இருக்கிறதே, அந்தக் கட்டடத்தை 1917இல் அவர்கள் வாங்கியது இரண்டு வரி இயற்கை முத்துமாலைக்கும் 100 டொலருக்கும். மாலையின் மதிப்பு அன்று 10 இலட்சம் டொலர். பிறகு ஜப்பானிலிருந்து வளர்ப்பு முத்து வந்தது, உலகப் பொருளாதாரமும் படுத்தது. அந்த மாலை 1957இல் ஏலத்துக்குப் போனபோது ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் டொலர்தான் கிடைத்தது. கட்டடம் இன்னும் அங்கேயே நிற்கிறது.

"அப்ப முத்தைக் குடுத்துக் கட்டடத்தை வாங்கினவன்தான் கெட்டிக்காரன்" என்றார் பெரியம்மா.

மாலை ஐந்தரைக்குக் கடைசி முடிச்சு. அளந்து பார்த்தால் ஒரு வேடிக்கை. இரண்டு முத்து குறைந்தும் மாலை அரை அங்குலம் கூடியிருந்தது. முடிச்சுகள் பிடித்த இடம் அது.

நான்காம் நாள்

கிண்ணியாப் பாலத்துக்கு மேலால் காற்று வாங்கிக்கொண்டு ஓட்டோவில் ஒரு சுற்று, பிறகு தம்பலகாமம். ஆதி கோணநாயகரைக் கும்பிட வேண்டும் என்று பெரியம்மா சொன்னார். எனக்கு அந்தக் குடாவைப் பார்க்க வேண்டும்.

தம்பலகாமக் குடாவில் ஒரு சிப்பி உண்டு. உள்ளங்கை அகலம், அப்பளம்போலத் தட்டை, வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கம் மங்கலாகத் தெரியும். கோவாவில் பழைய வீடுகளின் ஜன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதில் இந்த வகைச் சிப்பியைத்தான் பதித்திருப்பார்கள். இதற்குள்ளும் முத்து விளையும். பொடி முத்து, நீரோட்டம் குறைவு, மாலைக்கு ஆகாது. பிரித்தானியர் காலத்தில் கெலார்ட் என்ற இலங்கை வைத்தியர், பறங்கி இனத்தவர், 1850களில் திருகோணமலையில் இருந்துகொண்டு முத்துச் சிப்பிகளை ஆராய்ந்தார். இந்தக் குடாவின் சிப்பியையும் விடவில்லை. அந்தப் பொடி முத்தைச் சுட்டு நீற்றிச் சுண்ணாம்பாக்கி, பணக்காரர்கள் வெற்றிலைக்குத் தடவினார்கள். முத்துச் சுண்ணாம்பு. மருந்துக்கும் போனது.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஐயாவிடம் கேட்டேன். "முத்தோ? எங்களுக்கு இறால்தான் முத்து" என்று சொல்லிவிட்டுப் பழைய ஓடு ஒன்றைச் சேற்றிலிருந்து காலால் கிளறித் தந்தார். ஓரம் உடைந்திருந்தது. கழுவிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

முத்தைச் சுடுவது என்றதும் எனக்குக் கோபேதான் ஞாபகம் வந்தது. 1932இல் மிக்கிமோட்டோ அங்கே ஊர் பார்க்க, பத்திரிகைக்காரர் பார்க்க, தரம் குறைந்த முத்துகளைக் குவித்து எரித்தார். மட்டமான வளர்ப்பு முத்து சந்தையில் நிறைந்து பெயரைக் கெடுக்கிறது என்பது அவருடைய கோபம். அவர் எரித்தது பெயரைக் காப்பாற்ற. நம் ஆட்கள் எரித்தது வாய் சிவக்க. பெரியம்மாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடியே, "ஏன் எரிச்சவர், எங்களுக்கு அனுப்பியிருக்கலாமே" என்றார்.

கன்னியா வெந்நீரூற்றுக்கும் போவதாக இருந்தோம். வெயில் ஏறிவிட்டது, விட்டுவிட்டோம்.

ஐந்தாம் நாள்

பிளவுஸ் சண்டை இன்று முடிந்தது.

பிள்ளையின் யோசனை: பிளவுஸ் முழுக்க அசல் முத்துத் தைக்க வேண்டும். நான் வீடியோவில் தையல்காரி முகத்தை வைத்துக்கொண்டு பேசினேன். முத்து மென்மையானது, ஊசி முனை பட்டாலும் கீறும். வியர்வை ஆகாது, வாசனைத் திரவியம் ஆகாது, எலுமிச்சை ஆகாது, ஸ்திரிப்பெட்டிச் சூடு ஆகவே ஆகாது. ஒரு பிளவுஸ் நிறையத் தைத்தால் தோள் இழுக்கும். ஒருநாள் போட்டுவிட்டு டிரை கிளீனிங்குக்குக் கொடுத்தாயானால் வந்து சேர்வது வெறும் மணி. பாரிஸ் பெரிய தையற்கூடங்களில்கூட உடுப்பு முழுக்க இழைப்பதற்குப் பெரும்பாலும் போலி முத்துத்தான் எடுப்பார்கள்.

"அப்ப போலி போடலாமோ சித்தி?"

போடலாம். அதில் என்ன வெட்கம்? 1920களில் அந்த ஊரில் கோகோ ஷனேல் அசலையும் போலியையும் கலந்து, வரி வரியாக, பகலிலேயே கம்பளிச் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு திரிந்தார். அதுவரைக்கும் முத்து என்பது கணவனின் பணப்பெட்டியைக் கழுத்தில் தொங்கவிடுவது. ஜாக்குலின் கென்னடியின் மூன்று வரி மாலை கண்ணாடி முத்து. 1996இல் ஏலத்தில் 211,500 டொலருக்குப் போனது. போலியைப் போலி என்று சொல்லிப் போட்டால் அது அலங்காரம். பிளாஸ்டிக்கை 'கடல் முத்து' என்று சொல்லி விற்றால்தான் களவு. வளர்ப்பு முத்தைப் 'போலி' என்று தள்ளுவதும் எனக்கு அதே அளவு பிழையாகத்தான் படுகிறது. சிப்பி செய்த வேலையைச் சிப்பியிடமிருந்து பறிக்கும் பேச்சு அது.

பேசிப் பேசி இப்படி வந்தோம். பிளவுஸ் வெறும் பட்டு, வெண்சந்தன நிறம், கழுத்து அகலம், ஒரு மணிகூடக் கிடையாது. கைவிளிம்பில் மட்டும் அரிசி மணிபோன்ற சீன நன்னீர் முத்து இரண்டு வரி. அது உள்ளே மணி இல்லாமல் முழுக்க முத்துப் படலமாகவே வளர்வது, ஒரு மட்டியில் முப்பது நாற்பது விளைவதால் விலையும் கைக்கடக்கம். கழுத்தில் பெரியப்பாவின் 57. வேறு எதுவும் இல்லை. தாலிகட்டு நேரத்துக்குக் கூறையும் கொடியும் வழமைபோல. அதில் கை வைக்கப் பெரியம்மாவும் விடமாட்டார், நானும் மாட்டேன்.

"கழுத்து வெறிச்சோடிக் கிடக்கும்" என்று பெரியம்மா கடைசியாக ஒரு முறை முறைப்பட்டார். அதற்குப் பதிலாக நான் எழுந்து, மாலையை அவர் கழுத்தில் போட்டேன். வீட்டுச் சட்டை, நெற்றியில் திருநீறு, முத்து. கண்ணாடிக்கு முன் நின்றார். இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார். கொக்கியைத் தொட்டுப் பார்த்தார்.

"கொஞ்சம் இறுக்கமாத்தான் கிடக்கு" என்றார். கழற்றவில்லை.

பகல் முழுக்கக் கழற்றவில்லை. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "உதென்ன, எனக்குத் தெரியாமல் ஏதும் விசேஷமோ?" என்று கேட்டார். "பெட்டிக்குள்ள கிடந்தால் காய்ஞ்சு மங்குமாம், போட்டுத் துடைச்சு வைக்கவேணுமாம், கொழும்பில இருந்து வந்த பிள்ளை சொல்லுது" என்று பதில் போனது. நான் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் போட்டுக்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

இப்போது இரவு ரயிலில் இருந்து எழுதுகிறேன். தம்பலகாமம் ஸ்டேஷன் இருட்டுக்குள் தாண்டுகிறது. சற்று முன் பக்கத்து வீட்டு அக்கா ஒரு படம் அனுப்பியிருக்கிறார். குசினி வாசலில் பலகையில் பெரியம்மா. முன்னால் பெரிய பாரை மீன், பாதி வெட்டியபடி. பக்கத்தில் தேசிக்காய். கழுத்தில் முத்து.

உடனே ஃபோன் எடுத்தேன். "பெரியம்மா, மாலையைக் கழட்டிப்போட்டு மீனை வெட்டுங்கோ!"

"கழட்டினால் ஆர் பிள்ளை திருப்பிப் பூட்டிவிடுறது? கொக்கி பின்பக்கம் எல்லோ."

லைன் கட்டாகிவிட்டது. கல்லோயாவில் சிக்னல் வரும்போது மறுபடி எடுக்க வேண்டும்.